மான் பார்க்கும் குழாய்

எனக்கு வயது எழுபத்தொன்பது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மற்ற இரண்டும் என் தங்கையின் பிள்ளைகள். அவர்களுக்கும் அதே சோறு, அதே பூவரசங் கம்பு. ஏழு பேரை ஆளாக்கினவளுக்கு ஒரு குழாய் வாங்குவதில் கருத்துச் சொல்லத் தகுதி இல்லையா என்று கேட்டுத்தான் அன்றைக்கு நான் காரில் ஏறினேன். எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரம் உள்ளவர்கள் வேறு எதையாவது படிக்கலாம்.

குழாய் என்றால் தண்ணீர்க் குழாய் அல்ல. தூரத்தில் நிற்கிற மானைக் கிட்டக் கொண்டுவந்து காட்டுகிற குழாய். வேட்டைக்காரர்கள் அதை மூன்று காலில் பூட்டி நிறுத்தி, ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் பார்ப்பார்கள். ஸ்பொட்டிங் ஸ்கோப் என்று என் மகன் சொல்வான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

நான் இருப்பது மூத்த மகன், மருமகள், பேரப்பிள்ளையோடு, மெல்பேர்ண் பக்கம் வெரிபீயில். மகன் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியர். ஊசியால் இரத்தம் எடுத்தால் மயங்கி விழுகிற ஆள். கோழியைக்கூட, தோல் நீக்கி, துண்டு போட்டு, கோழி என்ற அடையாளம் இல்லாமல் வந்தால்தான் தொடுவான். அவன் மான் வேட்டைக்குப் போகப்போகிறேன் என்று சொன்னபோது மருமகள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் ஏதும் காயுதோ?"

காய்ச்சல் இல்லை. அவன் வேலையிடத்தில் பெரியவரும் அவருக்கு வேண்டிய நாலைந்து பேரும் இடைக்கிடை மலைப்பக்கம் மான் சுடப் போவார்கள். திங்கட்கிழமை தேத்தண்ணி நேரம் முழுக்க அந்தக் கதைதான். அந்தக் கதைக்குள் இருக்கிறவர்களுக்கு நல்ல வேலைகள் போகும். இல்லாதவர்களுக்கு மிச்சம் போகும். என் மகன் அங்கே தலை நரைத்தவன். அவனுக்குப் பிறகு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார்கள், அவனைக் கூப்பிடவில்லை. கோப்பையோடு ஓரத்தில் நின்று, மற்றவர்கள் சிரிக்கிற இடத்தில் தானும் சிரித்துவிட்டு வருவான். இதை அவன் எனக்குச் சொல்லவில்லை. குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற மருமகளுக்குச் சொன்னான். குசினிக்கும் என் அறைக்கும் நடுவில் இருப்பது அட்டைச் சுவர். இந்த நாட்டில் வயது போனவர்களுக்கு அதுதான் ரேடியோ.

கடைசியில் ஒரு நாள் பெரியவர் வாய் திறந்துவிட்டார். உனக்குத் துவக்கு வேண்டாம், நல்ல ஸ்கோப் ஒன்று கொண்டு வா, நீ பார்த்துச் சொல், நாங்கள் சுடுகிறோம் என்றாராம். மகனுக்கு அது சர்வகலாசாலைக்கு இடம் கிடைத்த மாதிரி. இந்தப் பயணம் சரிவந்தால் அவன் உள்ளே. சரிவராவிட்டால் பென்சன் எடுக்கும்வரை ஓரத்தில்.

எங்கள் ஆட்கள் ஒரு சாமான் வாங்க வேண்டுமென்றால் முதலில் கடைக்குப் போக மாட்டார்கள், ஆட்களிடம் போவார்கள். மகன் தன் வட்ஸ்அப் குழுவில் கேட்டான். அதில் கணக்காளர் உண்டு, பல் வைத்தியர் உண்டு, வீடு விற்கிறவர் உண்டு. மானைக் காட்டில் கண்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் பதில் போடாதவரும் ஒருவர் இல்லை. குழாயின் முன் கண்ணாடி அறுபத்தைந்து மில்லிமீற்றர் போதுமா, எண்பது வேண்டுமா என்று இரண்டு கட்சி உண்டாகி, இரண்டு பேர் குழுவை விட்டே விலகினார்கள். டார்னெய்ட்டில் இருக்கிற தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர், எழுதினால் காணாது என்று நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, யோசிக்கவே யோசிக்காதீங்க. எம்பது எடுத்துருங்க. எடுக்கிறதுதான் எடுக்கிறோம், பெருசா எடுத்துறணும்."

"நீங்கள் பாவிச்சிருக்கிறியளோ தம்பி?" என்று நான் கேட்டேன்.

"யூடியூப்ல நிறையப் பாத்திருக்கேம்மா."

வேட்டைச் சாமான் கடைக்கு மருமகள் வரவில்லை. செத்த மானின் முகத்தில் விழிக்க ஏலாது மாமி என்று சொல்லி நின்றுவிட்டாள். அவள் சொன்னதும் சரிதான். கடைச் சுவர் முழுக்க மான் தலைகள். கண்ணாடிக் கண்ணால் எல்லாம் என் மகனைத்தான் பார்த்தன. மகன் நிலத்தைப் பார்த்தபடி நடந்தான். எனக்குப் பயமில்லை. எனக்கு மானைத் தெரியும், ஆனால் சட்டிக்குள் வந்த பிறகுதான்.

கடையில் ஒரு தாடிக்காரர் நின்றார். நல்ல பொறுமைசாலி. மலையில் எவ்வளவு தூரம் நடப்பாய் என்று கேட்டார். காரில் இருந்தா என்று மகன் திருப்பிக் கேட்டான். தாடிக்காரர் அவன் வயிற்றையும் சப்பாத்தையும் பார்த்துவிட்டு, சின்னக் குழாய் ஒன்றை எடுத்து வைத்தார். அறுபத்தைந்து. கண் வைக்கிற இடம் மேல்பக்கமாக வளைந்தது. பெரிதை மலையில் சுமக்க ஏலாது, மடங்கு கூடக் கூட உருவம் நடுங்கும், பொழுது சாயும்போது இருண்டுபோகும், மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு இது வசதி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மகன் எனக்குத் தமிழில் சொன்னான்.

"இதென்னடா, கிணத்துக்குள்ள எட்டிப் பாக்கிற மாதிரி வளைஞ்சு கிடக்கு?"

"மேல பாக்கேக்க கழுத்து நோகாதாம் அம்மா."

"கழுத்து நோகாமல் மான் வேணுமெண்டால் இறைச்சிக் கடைக்குப் போகலாமே."

யோசித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி வெளியே வந்து காருக்குள் இருந்தோம். முன்னால் ஒரு கடற்பறவை யாரோ போட்ட சிப்ஸைத் தின்றுகொண்டிருந்தது. மகன் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி கேட்டான்.

"ஏனம்மா அந்தாள் சின்னதை வாங்கச் சொல்லுது?"

"விலை கூடினதைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு மலிஞ்சதை வாங்கச் சொல்லுற கடைக்காரனை நீ கண்டிருக்கிறியோ?"

"இல்லை."

"அப்ப அதில ஏதோ இருக்கு."

கடைக்காரன் சும்மா உண்மையைச் சொல்லியிருக்கக்கூடும் என்ற எண்ணம் எங்கள் இருவருக்கும் வரவில்லை. எங்கள் சாதிசனத்தில் ஒருவருக்கும் வந்திராது. திரும்பிப் போய் எண்பது வாங்கினோம். நேரானது, அறுபது மடங்கு. தாடிக்காரர், நிச்சயமாகவா, நிச்சயமாகவா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கேட்கக் கேட்க எங்களுக்கு உறுதி கூடியது.

வீட்டுக்கு வந்த குழாய் அலுமாரிக்குள் போகவில்லை. ஹோலில், யன்னலுக்கு முன்னால், மூன்று காலில் நின்றது. வருகிறவர்களுக்குப் புது வீட்டைச் சுற்றிக் காட்டுவது போல அதைக் காட்டினான். அந்தக் கிழமை சிட்னி கிரவீனில் இருந்து மருமகளின் தமையனும் பெண்சாதியும் வந்திருந்தார்கள். தமையன் வங்கியில் பெரிய உத்தியோகம். ஒரு கண்ணை இறுக்கி மூடி, மற்றக் கண்ணை வைத்து, கன நேரம் பார்த்தார்.

"கிளியர்," என்றார்.

"மலை தெரியுதோ மச்சான்?" என்று என் மகன் கேட்டான்.

"தெரியுது. மரம் மரமாத் தெரியுது."

பெண்சாதி பார்த்தார். பச்சைப் பசேல் என்று இருக்கிறது என்றார். நான் யன்னல் ஓரக் கதிரையில் இருந்தேன். அங்கேயிருந்து பார்த்தால் குழாயின் முன்பக்கம் வடிவாகத் தெரியும். முன் கண்ணாடியில் கறுப்பு மூடி போட்டபடி இருந்தது. விருந்தாளியை வெட்கப்படுத்துவது எங்கள் வழக்கம் இல்லை.

"இன்னொருக்கால் பாருங்கோ தம்பி, ஆறுதலாப் பாருங்கோ," என்று மட்டும் சொன்னேன்.

பார்த்தார். இந்த முறை ஒரு பறவையும் தெரிந்ததாம்.

பயணம் சனிக்கிழமை விடியப் புறப்படுவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பூசை. புதுக் கார் என்றாலும், புது அடுப்பு என்றாலும், சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டாமல் நாங்கள் பாவிப்பதில்லை. அது சைவ வெள்ளி. குசினியில் முட்டைகூட ஒளித்து வைக்கிற நாள். மகன் மான் சுடப் போகிற குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து முருகனுக்கு முன்னால் வைத்தான். கற்பூரத் தட்டோடு வந்த மருமகள் அப்படியே நின்றாள்.

"இஞ்சருங்கோ, ஆருக்கு முன்னால வைக்கிறியள்? வள்ளி மான் வயித்தில பிறந்தவ. அவரின்ர மாமியாரைச் சுடுறதுக்கு அவரிட்டயோ வரம் கேக்கிறியள்?"

மாமியாரைச் சுடுவது என்று சொன்னபோது அவள் பார்வை என் பக்கம் வந்து போனது. நான் காணாதது போலத் திருநீறு பூசினேன்.

"நான் சுடேல்லையே, பாக்கிறதுதானே," என்றான் மகன். "சரி, பிள்ளையாருக்கு முன்னால வைப்பம்."

"அவர் இவரின்ர தமையன். விசயம் போகாதோ?"

போனால் போகட்டும் என்று பிள்ளையாருக்கு முன்னால் வைத்தோம். பொட்டு வைப்பது என் பொறுப்பு. குழாய்க்கு நெற்றி எது என்று ஒரு கேள்வி வந்தது. மருமகள் முன் கண்ணாடி என்றாள். மகன், கண்ணாடியில் எதுவும் படக்கூடாது, மேல் உடம்பில் வையுங்கோ என்றான். உடம்பில் பொட்டு வைக்க அதென்ன பூசணிக்காயா? கண் இருக்கிற இடத்துக்கு மேலேதானே நெற்றி என்று, கண் வைத்துப் பார்க்கிற பக்கத்து மூடியைக் கழற்றி, விளிம்பில் சந்தனமும் அதற்கு மேல் குங்குமமும் வைத்தேன். என் விரலும் விரல்தானே, கொஞ்சம் கண்ணாடியிலும் பட்டது. கற்பூரம் காட்டி முடிய மகன் சால்வை நுனியால் ஒரு துடை துடைத்து மூடியைப் போட்டான்.

ஞாயிறு பொழுதுபடத்தான் வந்து இறங்கினான். சப்பாத்து முழுக்கச் சேறு, கழுத்தில் நோவெண்ணெய் மணம். இறைச்சி ஒன்றும் கொண்டு வரவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை.

"அம்மா, அடுத்த மாசமும் என்னைக் கூப்பிட்டிருக்கினம்."

சோற்றைப் பிசைந்தபடியே கதையைச் சொன்னான். குழாயை அவனால் பாதி மலைக்குத்தான் தூக்க முடிந்ததாம். பிறகு ஆள் மாறி ஆள் சுமந்திருக்கிறார்கள். இது ஸ்கோப்பா பீரங்கியா என்று ஒருவன் கேட்டானாம். சனிக்கிழமை பொழுது சாயும் நேரம் கண்ணை வைத்திருக்கிறான். எதிர்ச் சரிவில் மண்ணிறமாக, பெரிதாக, அசையாமல் ஒன்று நின்றிருக்கிறது.

"பெரியவருக்குக் காட்டினனான். அவர் பாத்திட்டு, ஓம், பெரிய கிடாய், கொம்பைப் பார் எண்டார். மற்றவையும் பாத்தவை. எல்லாருக்கும் தெரிஞ்சது."

"கொம்பும் தெரிஞ்சதோ?" என்று கேட்டேன்.

"பெரியவர் எத்தினை கிளை எண்டுகூடச் சொன்னவர். பிறகு அவையள் துவக்கோட அந்தச் சரிவுக்குப் போச்சினம். நான் குழாயோட நிண்டு ரேடியோவில வழி சொன்னனான். அம்மா, அப்பிடி ஒரு கெட்டித்தன மான் கிடையாது. இடப்பக்கம் திருப்பிப் பாத்தால் இடப்பக்கம் நிக்குது. வலப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் நிக்குது. இருட்டும்வரைக்கும் அவையளை மலை முழுக்க ஓட்டிப்போட்டுது."

"சுட்டினமோ?" என்றாள் மருமகள்.

"எங்க சுடுறது? கிட்டப் போனால் காணேல்லையாம். தன்ர காலத்தில இப்பிடி ஒண்டைக் கண்டதில்லை எண்டார் பெரியவர். உன்ர கண் இல்லாட்டி அது எங்களுக்குத் தெரியவே வந்திராது எண்டு முதுகில தட்டினவர்."

மருமகள் சாமி அறைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள்.

"நான் சொன்னனான்தானே. மானின்ர மருமகன் காப்பாத்திப்போட்டார்."

மகன் குளிக்கப் போனான். நான் மெல்ல எழும்பி ஹோலுக்குப் போனேன். குழாய் பழையபடி யன்னலுக்கு முன்னால் நின்றது. முன் மூடியையும் கண் மூடியையும் கழற்றினேன். பார்க்கிற கண்ணாடியில், காய்ந்த சந்தனமும் குங்குமமும் சேர்ந்து ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. நான் கண்ணை வைத்தேன். வெரிபீ கூரைகளுக்கு மேலே, மிச்ச வெளிச்சத்தில், மண்ணிறமாக ஒரு மான் நின்றது. குழாயைத் திருப்பினேன். அதுவும் கூடவே வந்தது. கொம்பு மட்டும் எனக்குத் தெரியவில்லை. நான் ஐந்தாம் வகுப்புத்தானே.

சேலைத் தலைப்பைக் கையில் எடுத்தேன். ஒரு துடை துடைத்தால் போதும். குளியலறைக்குள் மகன் பாடுகிற சத்தம் கேட்டது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவன் பாடி நான் கேட்டதில்லை. தலைப்பை விட்டுவிட்டு, இரண்டு மூடியையும் இறுக்கிப் போட்டுவிட்டு வந்து என் கதிரையில் இருந்தேன்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. வேலையால் வந்தவன் குசினியில் சொன்னது சுவரால் வந்தது. தேத்தண்ணி நேரம் முழுக்க அந்த மானின் கதைதானாம். இவன் நடுவில் நின்று சொல்ல, பெரியவர் கொம்பைக் கையால் காட்டினாராம். ஒவ்வொரு முறை காட்டும்போதும் கொம்பு வளர்ந்ததாம்.

அடுத்த பயணம் நாளைக்கு. அவன் மேல் மாடியில் உடுப்பு அடுக்குகிறான். தமிழில் இவ்வளவு நீளமாக எழுதியதை அவன் வாசிக்கமாட்டான், அதனால் எனக்குப் பயமில்லை. ஆனால் அவன் காது நல்ல காது.

பிள்ளை, இஞ்ச வா. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில முதலாம் பரிசெண்டு சொன்னனீயெல்லே, எங்க, இதை அப்பம்மாவுக்கு ஒருக்கா வாசி பாப்பம். மெல்ல வாசி. கொப்பா மேல நிக்கிறார்.