சொல்லாமல் அடைத்த ஓட்டை

என் மருமகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்கிறாள். நான் ஐந்தாவதோடு நின்றவள், பக்கத்து வீட்டாரிடம் பேசவே கூச்சப்படுகிறவள். அதனாலோ என்னவோ, வெளியே சொல்லக் கூடாததை அவள் என்னிடம்தான் சொன்னாள்.

காக்ஸ் டவுன் வீட்டு ஜன்னலில் காலை வெயில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நான் பிதுக்குப் பருப்புக் குழம்புக்கு அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை, ஊர் உலகமெல்லாம் புரோகிராம் எழுதறாங்கல்ல, அதை ஓட்டிக் கொடுக்கிற அடிமட்ட மென்பொருள் ஒண்ணு இருக்கு. அதுல ஒரு ஓட்டை. நான் எழுதின வரியிலதான்."

ஒரு பட்டியலை வரிசைப்படுத்தும்போது, இரண்டில் எது பெரியது என்று மென்பொருள் அந்தப் புரோகிராமைக் கேட்குமாம். பதில் சொல்கிற சாக்கில் புரோகிராம் அந்தப் பட்டியலையே காலி செய்துவிடலாம். காலியான இடம் வேறு வேலைக்குப் போய்விடும். அது தெரியாமல் மென்பொருள் பழைய இடத்திலேயே எழுதும். அந்த வழியாகத் திருடன் உள்ளே வருவான். கண்ணை மூடினேன். வரிசையாக அறைகள்; தன் அறைக்கு வேறு ஆள் குடிவந்தது தெரியாத யாரோ, அடுத்தவர் சாமானை இருட்டில் தடவிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் பட்டியல் இருக்கிறதா என்று பார்க்கும்படி அவள் திருத்தினாள். எதற்காகத் திருத்தினோம் என்று, யாரும் படிக்கக்கூடிய இடத்தில் குறிப்பு எழுதுவது அவர்கள் வழக்கம். அதைத் தமிழில் எனக்குச் சொல்லிக் காட்டினாள். ஓட்டை எங்கே, எப்படி நுழையலாம், எல்லாமே இருந்தது.

"இப்ப இதை அனுப்பிடுவேன். ஜனங்க கைக்குப் புதுப் பதிப்பு வியாழக்கிழமைதான் போகும்."

மெதுவாக, "எனக்கே புரிஞ்சிடுச்சேம்மா" என்றேன்.

அவள் விரல் நின்றது. "ஐயோ அத்தை! திருடனுக்கு போர்டு எழுதி மாட்டப் பார்த்தேனே!"

எல்லாவற்றையும் அழித்து, 'வரிசைப்படுத்தலில் ஒரு சரிபார்ப்பு' என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

மறுநாள் சிவாஜிநகர் பஸ்ஸில் எல்லார் கையிலும் போன். எந்தக் கதவு திறந்து கிடக்கிறதோ? என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மரங்கள் தண்ணீருக்குள் போவதுபோல் போயின.

வியாழன் காலை பதிப்பு வந்தது. சாயங்காலத்துக்குள் ஏகப்பட்ட பேர் அதற்கு மாறிக்கொண்டார்களாம். யாரும் நுழைந்ததாகத் தகவல் இல்லை. அதற்கப்புறம்தான் முழுக் குறிப்பையும் வெளியிட உட்கார்ந்தாள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'பழுதான வரியை எழுதியதும் நான்தான்.'

"இதை எடுத்துடவா அத்தை?"

"இருக்கட்டும்மா" என்றேன்.

அனுப்பிவிட்டு, அங்கேயே பாயில் படுத்துத் தூங்கிப்போனாள்.