மழை வந்தால்தான் வீடு வாங்குவோம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பாயா ரும்புட்டில் கொட்டோ கொட்டென்று மழை. அன்று அந்தத் தாமான் குடியிருப்பில், வீட்டுக்குள் நின்றுகொண்டே நனைந்த ஒரே மனிதன் அடியேன்தான்.

குடை இல்லையா என்று கேட்கிறீர்களா? இருந்தது. கையிலேயே இருந்தது. விரிக்க முடியாத நிலைமை...

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் குடியிருப்பது மலாக்கா டவுனில், பழைய பிளாட் ஒன்றின் மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. இத்தனை வருடமாக அது ஒரு குறையாகவே தெரியவில்லை. சென்ற ஆண்டு என் மனைவி ஸ்டெல்லாவின் முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தால் ஒவ்வொரு மாடியிலும் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வாள். "நீங்க போங்க, நான் வரேன்" என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்னிக்குப் பூசைக்கு நான் வரல. நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். காய்ச்சலோடுகூடப் பூசைக்குப் போகிறவள் அவள். அன்றைக்கே முடிவு செய்தேன். படியே இல்லாத வீடு ஒன்று வாங்கியாக வேண்டும்.

கிடைத்தது. பாயா ரும்புட்டில் மாடியே இல்லாத ஒரு தொடர்வீடு. சொந்தக்காரர் சரோஜா அக்கா, ஓய்வு பெற்ற நர்ஸ். ஜொகூரில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போகிறார். ஸ்டெல்லா அந்த வீட்டுக்குள் நடந்து பார்த்தாள். வாசல், ஹால், சமையலறை, பின்கட்டு... எங்கேயும் ஒரு படி இல்லை. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். விலையும் கட்டுப்படியாகிற விலைதான். அப்புறம் என்ன, வாங்க வேண்டியதுதானே?

அங்கேதான் என் மைத்துனன் அந்தோணி வருகிறான்.

அந்தோணி சிம்பாங் அம்பாட்டில் வீடு வாங்கியவன். நல்ல வெயில் நாளாகப் பார்த்து, பளபளவென்ற சுவர்களைப் பார்த்து மயங்கி வாங்கினான். இப்போது மழை பெய்தால் அவன் வீட்டு ஹாலில் சோபாவை விடப் பேசின்கள்தான் அதிகம். சூடு கண்ட பூனை.

"அத்தான், வெயில்ல எல்லா வூடும் நல்ல வூடுதான் லா. மழையில போய்ப் பாருங்க. மழையில பார்க்காம காசு குடுக்காதீங்க. அப்புறம், பேங்க் ஆளு வந்து வேல்யூ போட்ட பிறகுதான் கையெழுத்து. முந்திக்கிட்டு போட்டீங்க, வேல்யூ கம்மியா வந்துச்சு... அவ்வளவுதான், தலையில துண்டு!"

நியாயமான பேச்சு. ஆனால் மழைக்கு நான் எங்கே போவேன்? மலாக்காவில் அப்போது மூன்று வாரமாக ஒரு பொட்டு மழை இல்லை.

இது போதாதென்று எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு காலண்டர் இருக்கிறது. தினமும் கிழிக்கிற தமிழ்க் காலண்டர். முக்குக் கடை ஹமீது மாமா வருடா வருடம் இலவசமாகக் கொடுப்பது. அதில் ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் கட்டம் கட்டிப் போட்டிருக்கும். கொடுக்கிற மாமா அதைப் பார்ப்பதில்லை, அவர் முஸ்லிம். நாங்களும் பார்க்கக் கூடாது, நாங்கள் கத்தோலிக்கர்கள். ஆனால் ஸ்டெல்லா பார்ப்பாள்.

"ஏன் ஸ்டெல்லா, ஜெபமாலையும் சொல்லிட்டு இதையும் பார்க்கிறியே?"

"மாதா கோவிச்சுக்க மாட்டாங்க. ராகு கோவிச்சுக்குவாரு."

இதற்கு எந்தச் சாமியாரிடம் போய்ப் பதில் கேட்பது, சொல்லுங்கள்?

ஆக, மழை பெய்ய வேண்டும். அது ராகு காலத்தில் பெய்யக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளோடு நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சரோஜா அக்கா மூன்றாவது நிபந்தனையைப் போட்டார்.

"தம்பி, ஆடி பொறந்துட்டா நான் வூட்டு வேலை எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். அப்புறம் ஆவணிதான். ஏற்கெனவே கோலாலம்பூர்லேருந்து ஒரு ஜோடி ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க. ஆவணியில யாரு மொதல்ல வர்றாங்களோ, அவங்களுக்குத்தான் லா."

ஆடிக்கு இரண்டு வாரம்கூட இல்லை!

அதன் பிறகு நாங்கள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே... டவுனில் வானம் கறுத்தால் போதும், காரை எடுத்துக்கொண்டு பாயா ரும்புட்டுக்குப் பறப்போம். அங்கே போனால் பல்லைக் காட்டும் வெயில். டவுனில் கொடியில் போட்டுவிட்டு வந்த துணி மட்டும் நனைந்திருக்கும். அடுத்த நாள் அக்காவே போன் செய்தார். "இங்க இருட்டிக்கிட்டு வருது, ஓடியாங்க!" காலண்டரைப் பார்த்தால் ராகு காலம். அது முடிந்து போய்ச் சேர்ந்தபோது தூறலும் முடிந்திருந்தது. அக்கா கறிபாப் பலகாரமும் தேத்தண்ணியும் கொடுத்து எங்களைத் தேற்றி அனுப்பினார். விற்கிறவர் வாங்குகிறவருக்கு இவ்வளவு பரிதாபப்பட்டு நான் பார்த்ததில்லை.

இதற்கிடையில் பேங்கிலிருந்து தகவல். வீட்டை மதிப்பிட ஆள் வருகிறார், செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு.

செவ்வாய், மூன்று முதல் நாலரை. உங்களுக்கே தெரியும், அது ராகு காலம்.

ஸ்டெல்லா உடனே வேல்யூவருக்குப் போன் போட்டாள். தேவி என்று ஒரு பெண். "கொஞ்சம் நாலரைக்கு மேல வர முடியுமாம்மா?"

"நாலரைக்கு எனக்கு அலோர் காஜாவுல வேற வீடு இருக்கு ஆன்ட்டி. மூணு மணிதான்."

கடைசியில் ஒரு சமரசம். ஸ்டெல்லா என்னோடு வருவாள். ஆனால் நாலரை வரை காரை விட்டு இறங்க மாட்டாள். அப்படியானால் நான் மட்டும் ராகு காலத்தில் உள்ளே போகலாமா? "நீங்க போங்க. உங்களுக்குத்தான் எதுலயும் நம்பிக்கை இல்லையே. உங்களை ஒண்ணும் பண்ணாது" என்றாள்.

தேவி சரியாக வந்துவிட்டார். வெளியே நின்று படம் எடுத்தார். பிறகு கையடக்கமான ஒரு கருவியால் சுவரில் சிவப்புப் புள்ளி அடித்து அறைகளை அளக்க ஆரம்பித்தார். சரோஜா அக்காவும் நானும் பரீட்சை எழுதும் பிள்ளையின் பெற்றோர் மாதிரி பின்னாலேயே போனோம்.

அப்போது இடித்தது ஒரு இடி. அடுத்த நிமிடம் மழை!

இத்தனை நாள் எங்களுக்கு அகப்படாத மழை. நான் மெழுகுவத்தி ஏற்றிக் கேட்ட மழை. வரக் கூடாத ஒரே வேளையில் வந்து கொட்டுகிறது. அந்தோணி சொன்னபடி நான் பார்க்க வேண்டிய கூரையை இப்போது பேங்க் அல்லவா பார்க்கிறது? ஒழுகினால் வேல்யூ குறையும். வேல்யூ குறைந்தால் கடன் குறையும். என் வயதுக்குக் கடன் தருவதே பெரிய விஷயம். அதிலும் குறைந்தால் இந்த வீடு கோலாலம்பூர் ஜோடிக்கு, ஸ்டெல்லாவுக்கு மறுபடியும் மூன்று மாடி.

"ஒழுகக் கூடாது, ஒழுகக் கூடாது" என்று நான் முணுமுணுத்தேன். பக்கத்தில் அக்கா முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சொட்.

என் வழுக்கைத் தலையில்தான் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஹால் சீலிங்கில், விளக்குக்குப் பக்கத்தில், ஈரம். இரண்டாவது சொட்டு மூக்கில். தேவி சமையலறையிலிருந்து ஹாலுக்கு வருகிறார்... நகர்ந்தால் சொட்டு தரையில் விழும், சத்தம் கேட்கும், பார்த்துவிடுவார். நகரவில்லை. கையிலிருந்த குடையையும் விரிக்கவில்லை; விரித்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். விழுந்த ஒவ்வொரு சொட்டையும் தலையில் வாங்கிக்கொண்டு, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, ஒன்றும் நடக்காத மாதிரி சிரித்துக்கொண்டு நின்றேன். விற்கிறவர்கள் குறையை மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். வாங்குகிறவனே தலையைக் கொடுத்து மறைத்ததைக் கேள்விப்பட்டதுண்டா?

திடீரென்று வாசலில் ஒரு கூச்சல்.

"ஐயோ, என்னங்க! என்னாச்சுங்க!"

ஸ்டெல்லா! தொப்பலாக நனைந்து, செருப்பில்லாமல் ஓடி வருகிறாள். ஆமாம், ஓடி! பிளாட்டில் படிக்குப் படி நிற்கிறவள், கேட்டைத் தள்ளி, போர்ச்சைத் தாண்டி, ஹாலுக்குள் ஓடிவந்து என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"கையத் தூக்குங்க! பேசுங்க! ஏன் வாய் கோணியிருக்கு?"

"கோணல... சிரிக்கிறேன்."

காரிலிருந்து திறந்த கதவு வழியாகப் பார்த்திருக்கிறாள். கழுத்து சாய்ந்து, அசையாமல், கோணலாக ஒரு சிரிப்போடு நான். வாதம் அடித்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிய பிறகுதான் தோளை விட்டாள்.

தேவி நிதானமாக வந்தார். "அங்கிள், கொஞ்சம் நகருங்க" என்றார். நகர்ந்தேன். சொட். சீலிங்கைப் படம் எடுத்தார்.

"ஒரு ஓடு வெடிச்சிருக்கும், இல்ல நகர்ந்திருக்கும். நான் குறிச்சுப்பேன். ஆனா இந்தச் சின்ன ஒழுகலுக்கெல்லாம் வேல்யூ பெருசா குறையாது. நாங்க இடம், சைஸ், பக்கத்து வீடு என்ன விலைக்குப் போச்சு... அதெல்லாம்தான் பார்ப்போம். நீங்க ஏன் அங்கிள் நனையறீங்க?"

ஏன் நனைந்தேன்! அன்று புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வேல்யூவர் பார்ப்பது பேங்குக்காக. நமக்காகப் பார்க்க வேண்டியது நாம்தான். இந்த இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொண்டால் ஜலதோஷம்தான் மிச்சம்.

சரோஜா அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. "நெசமா எனக்குத் தெரியாது தம்பி. போன மழையில ஒழுகல. சாவி குடுக்கிறதுக்குள்ள ஓட்டை மாத்திக் குடுத்துடறேன்" என்றார். சொன்னபடி அந்த வாரமே ஆள் வைத்து மாற்றினார். வேல்யூ எங்களுக்குப் போதுமான அளவுக்கு வந்தது. ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கையில் கையெழுத்தும் ஆயிற்று. அந்தோணி இதை முழுக்கத் தன் வெற்றியாகச் சொல்லித் திரிகிறான்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை, தேவி கிளம்பிப் போன பிறகு, அக்கா கொடுத்த துண்டால் என் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த ஸ்டெல்லாவின் கை சட்டென்று நின்றது.

"என்னங்க... நான் உள்ள ஓடி வந்தப்ப மணி என்ன இருக்கும்?"

மூன்றரை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சரோஜா அக்கா சமையலறையிலிருந்து சொன்னார். "நாலரை தாண்டிடுச்சு ஸ்டெல்லா. நான்தான் கடிகாரத்தைப் பார்த்தேனே!"

"ஆமா, நானும் பார்த்தேன்" என்றேன்.

விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரு திருத்தம்கூடச் சொல்லாமல் ஒத்துப்போனது, அந்த ஒரு விஷயத்தில்தான்!