ஒற்றைப் பொத்தான் மவுஸ்

ஒரு மவுஸுக்கு எத்தனை பொத்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் மாதக்கணக்காகச் சண்டை நடந்தது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதியில் குரல் மாறிவிடும். அந்தச் சண்டையில் மாமா ஒரு கட்சி, சித்தப்பா இன்னொரு கட்சி. மவுஸைப் பிடித்தவள் நான். என்னிடம் ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. மானிப்பாயில் அப்பப்பாவின் வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குக் கொழும்பில் வேலை. மாதக் கடைசியில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். போர்நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்து, வெளிநாட்டில் இருந்தவர்கள் பெட்டிகளோடு வந்திறங்கத் தொடங்கியிருந்த காலம் அது. அம்மாவின் தம்பியான என் மாமா கனடாவிலிருந்து வந்தபோது, எல்லோருடைய மாமாக்களையும் போலச் சொக்கிலேற்றும் சென்ற் போத்தலும் கொண்டுவந்தார். அவற்றோடு எனக்கென்று ஒரு வெள்ளைக் கொம்பியூட்டரும் வந்தது.

அதன் மவுஸ் பாதி கரைந்த சவர்க்காரக் கட்டி போல வழவழப்பாக இருந்தது. அதில் ஒரே ஒரு பொத்தான். எங்கே அமத்தினாலும் அதே பொத்தான்தான்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு மேல்மாடியில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் கொம்பியூட்டர் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமை அதுவரை அவரிடம் மட்டும்தான் இருந்தது. செய்தி கேட்டு மோட்டார் சைக்கிளில் வந்தவர், சந்தையில் மீனின் செவுளைப் பார்ப்பதுபோல மவுஸைப் புரட்டிப் பார்த்தார்.

"உதென்ன, ஒரு பொத்தானோடை?"

"ஒண்டு காணும்," என்றார் மாமா. "அமத்தினால் வேலை நடக்கும். எது இடது, எது வலது எண்டு பிள்ளை யோசிச்சுக்கொண்டிருக்கத் தேவையில்லை."

"யோசிக்காமல் இருக்கிறதுக்கோ கொம்பியூட்டர்? உலகம் முழுக்க ரெண்டு பொத்தான். நாளைக்கு உவள் ஒரு கந்தோரிலை வேலைக்குப் போய் இருந்தால் என்ன செய்வாள்?"

"உலகம் முழுக்கவோ? நீங்கள் திருநெல்வேலியைத் தாண்டிப் பார்த்தனீங்களோ?"

சித்தப்பா மவுஸை மெதுவாக மேசையில் வைத்தார். "தாண்டேலை. ஆராவது இங்கை நிக்கவேணுமே," என்றார்.

அதற்குப் பிறகு கதை பொத்தானைப் பற்றியதா, போனவர் நின்றவரைப் பற்றியதா என்று யாருக்கும் தெரியவில்லை. மாமா திரும்பிப் போன பிறகும் அது ஓயவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் மாமா அங்கிருந்து தொலைபேசி எடுப்பார். சரியாக அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா இங்கே வந்து உட்கார்ந்திருப்பார்.

எனக்கு அந்த மவுஸ் ஏன் பிடித்தது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். நான் இடக்கைக்காரி. சோற்றுக்கு இடக்கை போனால் அம்மா கரண்டிக் காம்பால் தட்டுவார். அரிவரி வகுப்பிலேயே பென்சிலை வலக்கைக்கு மாற்றிவிட்டார்கள். என் எழுத்தைப் பார்த்து ரீச்சர், கோழி கிளறினது போல இருக்கிறது என்பார். வரைதலும் அப்படித்தான். ஆட்டை வரைந்தால் மாடாகும்.

மவுஸை நான் இடப்பக்கம் நகர்த்தி வைத்தேன். அது ஒன்றும் மறுக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அப்பப்பா சாய்மனைக் கதிரையில் உறங்கும் நேரத்தில், அறைக்குள் இருந்து அடுத்த வீட்டு ஆட்டை வரைந்தேன், ஆடாகவே வந்தது. சந்தியில் ஆள் நிரம்பட்டும் என்று காத்து நிற்கும் மினிபஸ்ஸை வரைந்தேன். மிதிபலகையில் தொங்கும் கொண்டக்டரின் முகம்கூட வந்தது. என் கை இவ்வளவு தெரிந்த கை என்று எனக்கு அதுவரை தெரியாது.

அம்மா ஒருநாள் வந்து பின்னால் நின்று பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுப் போனார். பிறகு தினமும் வந்து சாத்தினார். அறைக்குள் வெக்கை தாங்க முடியவில்லை. கேட்டால், "சத்தம் போடாமல் கீறு," என்பார்.

ஒரு மத்தியானம் சித்தப்பா எதிர்பாராமல் வந்தார். கதவைத் திறந்தவர் திரையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். எட்டி மவுஸின் வயரைக் கழற்றிச் சுருட்டித் தன் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இனி இது வேண்டாம். சாவகச்சேரியிலை பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குக் கொம்பியூட்டரிலை படம் கீறுற போட்டி வைக்கினம். உன்ரை பேரைக் குடுக்கிறன். நாளையிலயிருந்து வகுப்புக்கு வா."

"அதைத் தாங்கோ," என்றேன்.

"ரெண்டு பொத்தானிலை பழகு."

அவர் குசினிப் பக்கம் போய், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவோடு ஏதோ கதைத்துவிட்டுப் போனார். மாமாவின் சாமான் என்பதற்காகத்தான் அதை எடுத்துப் போகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மோட்டார் சைக்கிள் படலையைத் தாண்டும்வரை அம்மா அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று நான் சாப்பிடவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் தினமும் அவருடைய வகுப்பில் இருந்தேன். வலக்கையால் மவுஸைப் பிடித்தால் கோடு நடுங்கியது. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் இடக்கைக்கு மாற்றுவேன். அப்போது என் சுட்டுவிரல் வலப் பொத்தானில் விழும். அமத்தியவுடன் திரையில் ஒரு பட்டியல் குதிக்கும். மூடினால் மீண்டும் குதிக்கும். சித்தப்பா திரும்பிப் பார்த்து, "வடிவாப் பிடி," என்பார். பக்கத்தில் இருந்த அக்காமார் சிரிப்பார்கள். எப்படிப் பிடிப்பது வடிவு என்று அவர் சொல்லவேயில்லை. மவுஸை எடுத்து வலப்பக்கம் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

போட்டி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. தலைப்பு, 'எங்கள் சந்தை'. வலக்கையால் ஒரு வாழைக்குலை வரைந்தேன். யாரோ கையுறையைத் தொங்கவிட்டது போல இருந்தது. பொறுக்க முடியாமல் மவுஸை இடப்பக்கம் இழுத்தேன். நடுவிரலால் அமத்தி அமத்தி மெல்ல மெல்ல ஒரு மீன்காரி வந்தாள், தராசு வந்தது. மேற்பார்வைக்கு நின்ற ரீச்சர் குனிந்து, "சோத்துக்கையாலை பிடியம்மா, என்ன பழக்கம் இது," என்று என் மணிக்கட்டைப் பிடித்து எடுத்தார். அவர் இழுத்த இழுப்பில் சுட்டுவிரல் அமத்த, பட்டியல் குதித்தது. பதறி இன்னொரு தரம் அமத்தினேன். பட்டியலில் எது அகப்பட்டதோ தெரியவில்லை. மீன்காரி, தராசு, வாழைக்குலை எல்லாம் போய்த் திரை வெள்ளையாக நின்றது.

நான் அழவில்லை. மவுஸைத் தூக்கி மேசையில் அடித்தேன். பிறகு எழுந்து, அத்தனை பிள்ளைகளும் பார்த்திருக்க வெளியே நடந்தேன்.

வரும் வழியெல்லாம் சித்தப்பா மோட்டார் சைக்கிளில் முன்னால் இருந்து, உந்த ஒற்றைப் பொத்தான் பழக்கின பழக்கம் என்று காற்றுக்குக் கத்திக்கொண்டு வந்தார். மறுநாள் ஞாயிறு, மாமா தொலைபேசி எடுத்தார். அம்மா நடந்ததைச் சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அங்கிருந்து மாமாவின் குரல் மகிழ்ச்சியாகவே வந்தது.

"பார்த்தியளோ? ரெண்டு பொத்தான் பிள்ளையைக் குழப்பிப் போட்டுது."

"குழப்பினது நீங்கள் குடுத்த சாமான்," என்றார் சித்தப்பா.

என் மீன்காரி அழிந்துபோனது இரண்டு பேருக்கும் சாட்சியாகப் போய்விட்டது. ஒருவராவது, என்ன கீறினாய் என்று கேட்கவில்லை. நான் இருவருக்கும் நடுவில் போய் நின்று, வீடு அதிரக் கத்தினேன்.

"பொத்தானிலை ஒண்டுமில்லை. எனக்கு இடக்கை. உங்கள் ஒருத்தருக்கும் கண் இல்லையோ?"

தொலைபேசி இரைந்துகொண்டிருந்தது. சாய்மனைக் கதிரையில் கண்மூடிக் கிடந்த அப்பப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"ஆருக்கு இடக்கை?"

அம்மா உடனே அப்பப்பாவிடம் சொன்னார்: "ஒருத்தருக்கும் இல்லை மாமா. தோத்த கோபத்திலை புசத்துறாள். அவள் சோத்துக்கையாலைதான் எல்லாம் செய்யிறவள்."

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். ஒரு கிழமை முழுக்க என்னைத் திருத்தியவர். அவராவது உண்மை சொல்லுவார் என்று நினைத்தேன்.

"ஓம் அப்பா," என்றார் அவர். "நான் பக்கத்திலை நிண்டு பார்த்தனான். சோத்துக்கைதான்."

"பொய்," என்றேன். அம்மா என் தோளைப் பிடித்துக் குசினிக்குள் தள்ளிக்கொண்டு போனார். அப்பப்பா மறுபடி சாய்ந்தார். மாமா தொலைபேசியில், "ஹலோ, ஹலோ," என்றுகொண்டிருந்தார்.

அதன்பிறகு வெகுகாலம் நான் சித்தப்பாவோடு கதைக்கவில்லை. அம்மாவோடு கதைத்தேன், வேறு வழியில்லாததால். கொம்பியூட்டரை ஒரு பழைய விரிப்பால் மூடினார்கள். நான் அதைத் திறக்கவில்லை.

பிறகு திருநெல்வேலிக்கே பல்கலைக்கழகப் படிப்புக்குப் போனேன். கம்பஸில் ஒரு சிநேகிதி, நான் மவுஸில் நடுவிரலால் அவதிப்படுவதைப் பார்த்துவிட்டு, கொம்பியூட்டருக்குள் ஏதோ ஓரிடத்தில் ஒரு சரி அடையாளம் போட்டாள். இரண்டு பொத்தானும் இடம் மாறின. என் சுட்டுவிரலின் கீழ் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவள் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்று பின்னேரமே பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன்.

அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அப்பப்பா அதற்குள் இறந்துபோயிருந்தார்.

"ரெண்டு பொத்தானையும் இடம் மாத்தலாம் எண்டு சித்தப்பாவுக்குத் தெரியாதோ?" என்றேன்.

"தெரியும். வகுப்பிலை முதல் கிழமையே அவர் படிப்பிக்கிறது."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேலை?"

அம்மா மீனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அந்தாளும் இடக்கைதான். பத்து வயசிலை அப்பப்பா இரும்புக் கரண்டியைக் காய்ச்சி அந்தக் கையிலை வைச்சவர். இடக்கைப் பிள்ளை வீட்டுக்குத் தரித்திரம் எண்டு. விரல் இப்பவும் மடியாது. உன்னை அண்டைக்கு அறையிலை கண்டிட்டு நேரே என்னட்டை வந்தவர். அப்பப்பா காணமுதல் கையை மாத்திப்போடவேணும், அந்த ஒரு பொத்தான் மவுஸ் இருக்குமட்டும் கை மாறாது எண்டவர்."

சித்தப்பாவின் மடியாத விரல்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஒருவருக்கு விரல் மடியாவிட்டால் ஷெல் பட்டது என்று நினைத்துக்கொள்வோம். கேட்கமாட்டோம்.

இதைக் கேட்டதும் கோபம் தணிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு ஆசைதான். தணியவில்லை. முன்னறையில் மாலை போட்டுத் தொங்கிய அப்பப்பாவின் படத்தை இறக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அம்மா பார்த்தும் தடுக்கவில்லை. எனக்குச் சொல்லாமல் மூடி மூடி வைத்தவர்கள் மீதும் கோபம் மிச்சம் இருக்கிறது. என்னிடம் சொல்லியிருந்தால் நானும் அவர்களோடு சேர்ந்து பொய் சொல்லியிருப்பேன். எனக்கும் அது வந்திருக்கும்.

அன்று அப்பப்பாவின் கதிரைக்கு முன்னால் நின்று, சோத்துக்கைதான் என்று சித்தப்பா சொன்னபோது, அவருடைய இடக்கை காற்சட்டைப் பைக்குள் இருந்தது. மோட்டார் சைக்கிளைக் கிளப்பத் திறப்பைத் தேடுகிறார், எங்களை விட்டுத் தப்பி ஓடப் பார்க்கிறார் என்று நினைத்து, நான் அவரை முறைத்துக்கொண்டு நின்றேன்.