பிரேக்குக்குப் பூசிய மை

என் புருஷன் அந்தப் பைக்கைக் கொண்டுவந்த அன்று எங்கள் லயத்து வரிசை வீடுகளின் நாய்களெல்லாம் தேயிலைக்குள் ஓடி ஒளிந்தன. நுவரெலியாப் பக்கம் பந்தயம் ஓடிய பைக். சேற்றிலும் மேட்டிலும் பாய்வதற்கென்றே செய்தது. லைட் இல்லை, ஹோர்ன் இல்லை, பின்னால் உட்கார இடம் இல்லை, ரோட்டில் ஓட்ட அனுமதியும் இல்லை.

“இத வச்சு என்னங்க செய்யப் போறீங்க, தலையில தூக்கிட்டா போவீங்க?”

“ரோட்டுக்கு ஏத்த மாதிரி மாத்தி நம்பர் எடுக்கப் போறேன்” என்றார்.

சிரித்தேன். காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. பொகவந்தலாவை பஸாரில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை ஒன்று இருந்தது. நம்பர் போட்ட பைக் சொந்தமாக இருந்தால்தான் தருவார்களாம். அது சரிவராவிட்டால் வெளிநாட்டு வேலைக்குக் கட்டாருக்குப் போவதாக ஏஜென்சிக்காரனிடம் பேசிவிட்டே வந்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்! எங்கள் லயத்துக் கடைசி வீட்டு அக்காவின் புருஷனும் அப்படிப் போனவர்தான். முதலில் தினமும் போனில் கோல் எடுத்தார். இப்போது அக்காதான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கம் யாரும் பேசுவதில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பைக்கும் பயம், கட்டாரும் பயம்.

லயத்துக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டி, பஸார் மெக்கானிக்கை வரவழைத்து வேலை நடந்தது. முன்னால் பெரிய லைட், பக்கங்களில் சிக்னல், பிரேக் பிடித்தால் எரியும் சிவப்பு லைட், ஹோர்ன், கண்ணாடிகள். முள்ளு முள்ளாக இருந்த டயரைக் கழற்றி ரோட்டு டயர் போட்டார்கள். சைலன்சரை மாற்றியதும் நாய்கள் வீடு திரும்பின. கடைசியாகப் பின்சீட்டும் கால்மிதியும் பொருத்தினார்கள். அந்தச் சீட்டின் பக்கமே நான் போகவில்லை. புதிதாகப் போட்ட சீட் என்பதால், நம்பர் கொடுக்குமுன் ஹட்டனில் நடக்கும் பரிசோதனைக்கு வரும்போது பின்னால் உட்கார ஓர் ஆளையும் கூட்டிவரச் சொல்லியிருந்தாராம் பரிசோதகர். அந்த ஆள் வேறு யார், நான்தான்.

பூசை போடாமல் எங்கள் தோட்டத்தை விட்டு எந்தப் புது வண்டியும் இறங்காது. புறப்படும் காலையில் கோயிலுக்கு முன்னால் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஹாண்டிலுக்கு மாலை போட்டு, லைட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். வேறு வண்டியென்றால் அதோடு முடிந்திருக்கும். இந்தப் பைக்கின் முன்சில்லு பின்சில்லு இரண்டிலும் பளபளவென்று ஒரு வட்டத் தகடு வெளியே தெரிந்தது.

“அந்த வட்டத்த விட்டுட்டீங்களே பூசாரி, நல்லா அப்புங்க!” என்றார் என் மாமியார்.

பூசாரியும் திருஷ்டிக்காக நெய்யில் குழைத்த கருப்பு மையை முன்னும் பின்னும் தாராளமாக அப்பினார். பிரேக் பிடிப்பதே அந்தத் தகட்டில்தான் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே மனுஷரான என் புருஷன் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

நம்பர் இல்லாத பைக்கை ஹட்டனுக்கு ஏற்றிப் போகப் பஸாரில் ஒரு லொறி காத்திருந்தது. அதுவரை தோட்டத்து ரோட்டில் இறக்கம். அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். முதல் வளைவைத் தாண்டியதும் அவர் முதுகு விறைத்தது.

“இறுக்கிப் பிடிச்சுக்க புள்ள.”

“என்னங்க?”

“பிரேக் பிடிக்கல.”

ஐயோ முருகா! ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம், பள்ளத்தின் அடியில் ஆறு. அவர் கியரைக் குறைக்கக் குறைக்க எஞ்சின் கத்தியது. நான் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன். எதிரே தேயிலைக் கொழுந்து லொறி ஏறி வந்தது. அவர் மேட்டுப் பக்கம் சாய்த்தார். ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, மண்திட்டில் முட்டி நின்றோம்.

லொறிக்காரர் தலையை நீட்டி, “புருஷன் பொண்டாட்டி சண்டைய வீட்டுலயே வச்சுக்கங்கப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார். என் முழங்கை உரிந்திருந்தது. என் புருஷன் தகட்டைத் தொட்டு விரலை மோந்து பார்த்தார்.

“நெய்யி” என்றார்.

மீதி இறக்கத்தைப் பைக்கை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்தபடி நடந்தே கடந்தோம். பஸாரில் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். பிரேக் கட்டைகளைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தார், தகட்டைப் பெட்ரோலால் துடைத்தார். “இப்ப பிடிக்கும்னு நெனைக்கிறேன்” என்றார். நினைக்கிறாராம்!

ஹட்டனில் பரிசோதகர் லைட், சிக்னல், ஹோர்ன் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு, இருவரும் ஏறி வேகமாக வாருங்கள், நான் கையைத் தூக்கியதும் நிறுத்துங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, மைதானத்தின் அந்தக் கோடியில் போய் நின்றார். அவருக்குப் பின்னால் கருங்கல் மதில். ஏறி உட்கார்ந்தவள் ஒரு காலைக் கால்மிதியில் வைக்காமல் தரையிலேயே ஊன்றிக்கொண்டேன்.

என் புருஷன் திரும்பிப் பார்த்தார். “முடியாதுன்னா எறங்கிடு. நான் கட்டாருக்கே போறேன்” என்றார். கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

“வாய மூடிட்டு ஓட்டுங்க!”

ஓட்டினார். மதில் பெரிதாகிக்கொண்டே வந்தது. கை உயர்ந்தது. என் மூக்கு அவர் முதுகில் மோதியது. பைக் நின்றிருந்தது.

“ஹரி, ஹரி” என்று பரிசோதகர் தலையாட்டினார். சரியாம். என் புருஷன் சிரித்தபடி இறங்கினார். எனக்கு இறங்க வரவில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன்.

“ஏன் புள்ள அழுவுற? பாஸாயிருச்சு. நான் எங்கயும் போகல.”

“அதாங்க அழுவுறேன்” என்றேன். “இனி தெனமும் இதுலதான போவீங்க.”