நான் இழுத்த ஓஸ் பைப்

நான் கடற்படையில் இருந்தவன். எங்கள் விமானம் தாங்கிக் கப்பலில் ஒருமுறை தீப்பிடித்தது. புகைக்குள் போகிறவர்கள் தண்ணீர் அடிக்கும் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு போய், அதைத் தடவிக்கொண்டே திரும்ப வேண்டும். கண் தெரியாத இடத்தில் அதுதான் வழி.

என்னோடு வேலை பார்த்த பெருமாளும் முருகேசனும் உள்ளே போனார்கள். நான் கதவருகே நின்றேன். பெருமாள் இருமிக்கொண்டே வெளியே வந்தான். அடுத்த பக்கமும் எரிகிறது என்று கத்தினார்கள். முருகேசனும் வந்துவிட்டான் என்று நினைத்து, அங்கே கொண்டுபோக, பார்க்காமலே பைப்பை வெளியே இழுத்துவிட்டேன். அவன் வரவே இல்லை.

பயந்து வழி மாறிவிட்டான் என்று எல்லோரும் பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

வருடாவருடம் அதே நாளில் அந்தக் கப்பலில் இருந்தவர்கள் பாப்பிரெட்டிப்பட்டியில் பெருமாள் வீட்டில் கூடுவோம். இந்த வருடம் இண்டூரிலிருந்து முருகேசன் மனைவியும் வந்திருந்தார். சாப்பிடும்போது ஒருவர், "பாவம், பயந்துட்டான்" என்றார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"அவன் பயப்படலை. அவன் பிடிச்சுத் திரும்பி வர வேண்டிய பைப்பை நான்தான் இழுத்துட்டேன்" என்றேன்.

"சோறு ஆறுது, உடுடா" என்றான் பெருமாள்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். "எங்கூட்டுக்காரரு பயப்படுற ஆளில்லீங்க. சொன்னா எம் பையனே நம்ப மாட்டேங்கறான். அடுத்த வருசம் அவனைக் கூட்டியாறேன். அவங்கிட்டயும் இதையே சொல்லுங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பையன் வரட்டும். என்ன கேட்டாலும் சரி, சொல்வேன்.