மடியில் நெருப்பில்லாதவர்கள்

போன மாதம் பேரப்பிள்ளைகளோடு செண்பகத்தோப்புக்குப் போயிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில், அருவி விழுகிற இடம். வனத்துறைச் சாவடியில் நின்ற பையன் என் பையைத் துழாவிவிட்டு, "தாத்தா, தீப்பெட்டி கீப்பெட்டி வச்சிருக்கீகளா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கிழவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான். உங்களுக்காவது காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் சிவகாசிப் பக்கம் ஒரு வெடி ஆபீசில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். தீபாவளி வரைக்கும் எங்களுக்கு மழை என்றாலே ஆகாது. காயப்போட்ட சரக்கு நமுத்துவிடுமே! மேகம் கறுத்தாலே அதன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவோம். தீபாவளி முடிந்ததும் அதே வாயால், "மலையில மழையாம்லே, அருவியில தண்ணி விழுதாம்லே" என்று பல்லிளிப்போம். வாடகை சைக்கிள், ஒரு துண்டு, அவரவர் வீட்டு அரிசி, இவ்வளவுதான் செலவு. எந்தச் சோப்புக்கும் மசியாத கந்தக வாடை அந்தத் தண்ணீரில் போய்விடும். போய்விட்டதாக நாங்கள் நம்பினோம்.

அந்த வருடம் போனது வெறும் குளியலுக்கு இல்லை. கூட வேலை பார்த்த வேலுச்சாமிக்குப் பேச்சியம்மாளைப் பெண் கேட்டிருந்தார்கள். அவளுக்குச் சம்மதம். அவளுடைய அண்ணன் சங்கரலிங்கம்தான் பிடிகொடுக்கவில்லை. ராஜபாளையத்தில் பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். "வெடி ஆபீஸ்காரனுக்குக் குடுத்துட்டு, சத்தம் கேக்கும்போதெல்லாம் என் தங்கச்சி வாசலுக்கு ஓடணுமா?" என்று கேட்டுவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அப்படி ஓடியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

அவரை எப்படியோ அருவிக்கு வரச் சம்மதிக்க வைத்தான் வேலுச்சாமி. குளிர்ந்த தண்ணீரில் குளிக்கவைத்து, தன் கையாலேயே கறிக்குழம்பு வைத்துப் போட்டால் மனுசன் இளகிவிடுவார் என்பது அவன் திட்டம். ஒத்தாசைக்கு நாங்கள் நாலைந்து பேர்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. மூன்று கல் கூட்டி, சுள்ளி அடுக்கி, கறிக்கு மஞ்சள் தடவி வைத்தாயிற்று.

"ஏலே, தீப்பெட்டிய எடு" என்றான் வேலுச்சாமி.

நான் என் மடியைத் தடவினேன். அவன் தன் மடியைத் தடவினான். எல்லோரும் அவரவர் இடுப்பைத் தடவிக்கொண்டு நின்றோம். ஒருத்தனிடமும் இல்லை. வெடி ஆபீஸ் வாசலில் தினமும் மடியைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். தீப்பெட்டி அகப்பட்டால் அன்றோடு வேலை போயிற்று. வீட்டு அடுப்படியைத் தவிர வேறெங்கும் அதைத் தொட்டுப் பழகாத கைகள் எங்களுடையவை. சங்கரலிங்கம் பெரிய மனதோடு தன் சட்டைப் பையில் கைவிட்டார். அதுவும் வெறுங்கையாக வெளியே வந்தது.

"பஞ்சு மில்லுலயும் இதே கெடுபிடிதான்" என்று முனகினார்.

வேலுச்சாமி இரண்டு கற்களைத் தட்டிப் பார்த்தான். பெருவிரல்தான் நசுங்கியது. அழாத குறையாக நின்றவனைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. நல்ல வேளையாக விறகுக் கட்டோடு ஒரு அம்மா இறங்கி வந்தாள். நெருப்பு கேட்டோம்.

"எந்த ஊருய்யா நீங்க?"

"சிவகாசி."

அவள் சுமையை இறக்கி வைத்துவிட்டே சிரித்தாள். "ஊருக்கெல்லாம் தீப்பெட்டி செஞ்சு அனுப்புறவுக எங்கிட்ட வந்து நெருப்புக் கேக்கீகளா?" என்றபடி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். எங்கள் ஊர்ச் சரக்கேதான்.

குழம்பு கொதித்தது. பதற்றத்தில் வேலுச்சாமி உப்பை இரண்டு தரம் போட்டிருந்தான். சங்கரலிங்கம் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். நாங்கள் சாப்பிட்டோமா, அவர் முகத்தைப் பார்த்தோமா என்பது நினைவில்லை. ஓடையில் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்.

"குழம்ப வாயில வைக்க முடியல மாப்ளே. ஆனா, லீவு நாள்லகூட மடியில நெருப்பு வைக்காத ஆளு நீரு. ஒம்மை நம்பிக் குடுக்கலாம்."

மாப்ளே என்ற சொல் காதில் விழுந்ததும் வேலுச்சாமி சட்டையைக்கூடக் கழற்றாமல் அருவிக்குள் போய் நின்றுகொண்டான்.

இப்போது அங்கே அடுப்பு மூட்டக் கூடாது. காட்டுக்கு நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். எங்களுக்குச் சைக்கிள் கொடுத்த கடை போய்விட்டது. அன்றைக்குக் குளித்தவர்களில் இரண்டு பேரைப் பின்னால் வெடி ஆபீஸே கொண்டுபோயிற்று. சங்கரலிங்கமும் இல்லை. வேலுச்சாமி எழுபதைத் தாண்டி, சொந்தக் கட்டிலில், தூக்கத்தில் போனான்.

துக்கம் கேட்கப் போன இடத்தில் நான்தான் உடைந்து அழுதேன். பேச்சியம்மாள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"அழாதீக அண்ணே. காலையில ஆபீசுக்குப் போனவுக, ஒவ்வொரு நாளும் அந்தியில முழுசா வீடு வந்து சேந்தாக. இந்த ஊர்ல எம்புட்டுப் பேருக்கு அது குடுத்து வச்சிருக்கு?"