பன்னிரண்டாவது குட்டி

பைந்து சோவா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தின் பக்கம் ஒதுங்கியவள் அல்ல. ஆனால் சிம்பன்சிக் குட்டி அழுதால் அது பசியா, வயிற்று வலியா, தாயை நினைத்த ஏக்கமா என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். தாயிழந்த சிம்பன்சிகளை வளர்க்கும் பந்தாஹுன் காப்பகத்தில் அப்படிச் சொல்லக்கூடிய ஆள் வேறு ஒருவரும் கிடையாது. கடல் தாண்டிப் படித்தவர்கள் எல்லாம் நோட்டுப் புத்தகமும் கையுமாக அவள் பின்னால் அலைந்திருக்கிறார்கள்.

"எழுதிக்குங்க, நல்லா எழுதிக்குங்க. நான் சொல்றத எழுதித்தானே உங்க ஊர்ல பேர் வாங்கப் போறீங்க" என்பாள்.

உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் புருஷனைப் பறிகொடுத்து, மூன்று பிள்ளைகளை இடுப்பிலும் முதுகிலும் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடியவள். சண்டை ஓய்ந்ததும் மரவள்ளிக் கிழங்கு அவித்து லாரி நிற்கும் இடத்தில் விற்றாள். காப்பகத்தில் முதலில் கிடைத்தது கூட்டிப் பெருக்கும் வேலைதான். ஒரு நாள் கூண்டு கழுவப் போனவளின் காலை ஒரு குட்டி பிடித்துக்கொண்டது. யார் இழுத்தும் விடவில்லை. அன்றைக்குத் துடைப்பத்தைக் கீழே வைத்தவள்தான். அந்தக் குட்டிதான் கெண்டா. இப்போது அவள் வளர்ந்த சிம்பன்சிகளின் பெரிய கூட்டத்துக்கே தலைவி. ஆண்கள் எல்லாம் அவளுக்கு வழிவிட்டுத்தான் பழம் எடுப்பார்கள்.

பதினாறு வருடத்தில் பைந்து வளர்த்தது பதினோரு குட்டிகள். "என் மடிக்கு வந்தது ஒண்ணுகூட மண்ணுக்குப் போனதில்ல" என்று மார்தட்டுவாள். அது வெறும் பேச்சு இல்லை, பதினொன்றும் கண்ணெதிரே மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

பன்னிரண்டாவது அரிசிச் சாக்கில் வந்தது. மோவா ஆற்றங்கரையில் வைரம் தோண்டுகிறவர்களின் முகாமில் அதைக் கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள். தாயைச் சுட்டுப் புகைபோட்டுத் தின்றாகிவிட்டது. குட்டியின் இடுப்பில் கயிறு அறுத்த புண், உள்ளங்கையில் துப்பாக்கி ரவையின் மூன்று சில்லு. ஆற்றின் பெயரையே வைத்தார்கள். மோவா பாட்டிலைத் தள்ளியது. மசித்த பழத்தைத் துப்பியது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தன்னையே கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் பைந்து ஒரு துண்டு வாழைப்பழத்தை வாயில் போட்டு மென்றாள். உதட்டோடு உதடு வைத்து ஊட்டினாள். மோவா விழுங்கியது. இன்னும் வேண்டுமென்று அவள் வாய்க்குள் விரல் விட்டுத் தேடியது.

மிருக டாக்டர் சியா அதைப் பார்த்துவிட்டாள். கோனோ ஊர்ப் பெண், முப்பது வயதுகூட இருக்காது.

"ஆன்ட்டி! என்ன பண்றீங்க? நமக்குச் சாதாரண சளி, அதுக்கு எமன். வாயில மென்னு குடுக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"எம் புள்ளைங்க மூணும் இந்த வாயில மென்னு குடுத்துத்தான் வளந்துச்சுங்க, டாக்டரம்மா. ஒருத்தன் ஃப்ரீடவுன்ல போலீஸா இருக்கான். வந்து பாருங்க, கதவு உசரம் இருப்பான்."

"அவன் சிம்பன்சி இல்ல, ஆன்ட்டி."

"அவம் பொண்டாட்டியக் கேட்டாத்தான் தெரியும்."

டாக்டர் சிரித்துவிட்டாள். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, இனிமேல் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். பைந்துவும் சத்தியம் செய்தாள். அதற்குப் பிறகு மூங்கில் புதருக்குப் பின்னால் வைத்து ஊட்டினாள்.

மூன்று மாதம் அப்படிப் போனது. விடிந்ததும் பால் கரைப்பாள். குட்டியை முதுகில் தொற்றவைத்துக்கொண்டு காட்டுக்குள் போவாள். எந்த இலையைத் தின்னலாம் என்று தானே கடித்துக் காட்டுவாள். கிளையை வளைத்து மேலே உட்கார்ந்து, இப்படித்தான் படுக்கை கட்ட வேண்டும் என்று அந்தப் பருத்த உடம்போடு செய்து காட்டுவாள். கிளை முறிந்து விழுந்த அன்றைக்கு மோவா முதல் தடவையாகச் சிரித்தது. சிம்பன்சிக்குச் சிரிப்பு மூச்சில்தான் வரும், நம்மைப் போல் சத்தம் வராது. மதியம் பெரிய கூட்டத்துக்குப் பப்பாளியும் கிழங்கும் வேலிக்கு மேலே வீசும்போது எழுகிற கூச்சலுக்கு மோவா அவள் அக்குளுக்குள் ஒளிந்துகொள்ளும். சாயங்காலம் பெரியவை ஒவ்வொன்றாக இரவுக் கூண்டுக்குத் திரும்பும். கெண்டா மட்டும் கம்பிக்கு வெளியே உதட்டை நீட்டி, பைந்துவின் புறங்கையில் முத்தமிட்டுவிட்டுத்தான் கஞ்சிக் கிண்ணத்தைத் தொடுவாள்.

அப்போதுதான் ஆற்றுக்கு அக்கரையில் செத்துப்போன அக்கா ஜாத்துவின் நாற்பதாம் நாள் சடங்கு வந்தது.

சாவு வீட்டுக் கூட்டத்தில் நோய் ஒட்டிக்கொண்டு வரும் என்று, அங்கே போய் வந்தால் ஐந்து நாள் காப்பகத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. அது சட்டம். பைந்துவுக்கும் தெரியும். ஆனால் கூடப்பிறந்தவளுக்குப் போகாமல் இருக்க முடியுமா? பெரிய எனாமல் தாம்பாளத்தில் சோறு, மேலே மரவள்ளி இலைக் குழம்பு, செம்பனை எண்ணெய் மிதக்கிறது. வீட்டுப் பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் கை வைக்க வேண்டும். வைக்காமல் எழுந்தவளைப் பார்த்து, செத்தவளுக்குச் சூனியம் வைத்தவள் இவள்தான் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஜாத்துவின் பேத்தி மூக்கு ஒழுக அவள் மடியில் ஏறி உட்கார்ந்து, அதே தாம்பாளத்தில் பிசைந்து தின்றது. பைந்துவும் தின்றாள்.

இரண்டாம் நாள் தொண்டை கரகரத்தது. மூன்றாம் நாள் இருமல். வாசல் கேட்டிலேயே டாக்டர் நிறுத்திவிட்டாள். ஐந்து நாள் தடை, இருமல் நின்ற பிறகும் பத்து நாள் என்று ஆயிற்று.

குட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு லாஹாய் தலையில் விழுந்தது. பெரிய கூட்டத்துக்குத் தீனி போடுகிறவன், நாற்பது வயது, ஓயாமல் கிண்டலடிப்பான். தினமும் வேலியோரம் வந்து, பத்தடி தள்ளி நின்று சேதி சொல்வான்.

"அக்கா, உன் ராசாத்தி என்னைய மனுஷனாவே மதிக்க மாட்டேங்குது. பாட்டில என் மூஞ்சிலயே அடிச்சிருச்சு."

"உன் மூஞ்சியப் பாத்தா நானே அடிப்பேன். கொஞ்சம் பொறுத்துக் குடு."

நாலாம் நாள் அவன் கிண்டல் செய்யவில்லை.

"ஒண்ணும் எறங்கல, அக்கா. டாக்டர் குழாய் போட்டு ரெண்டு தடவ பால் விட்டாங்க. புடுங்கிப் போட்டுருச்சு. சுவத்தப் பாத்து மறுபடி ஆட ஆரம்பிச்சிருச்சு. ஒண்ணு மட்டும் புரியல. தூக்கினா என் வாய்க்குள்ள வெரல விடுது. டாக்டரம்மா வாயிலயும் மாஸ்க்க இழுத்துட்டு விடுது. என்னத்தத் தேடுதுன்னே தெரியல. உனக்குத் தெரியுமா?"

பைந்துவுக்குத் தெரியும். தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் சொன்னால் சத்தியம் செய்துவிட்டு ஏமாற்றியவள் என்று ஆகிவிடும். பதினாறு வருடத்துப் பேர்.

"குட்டிதானே, எதையாவது தேடும்" என்றாள்.

அன்று முழுக்க இஞ்சியும் எலுமிச்சையும் காட்டு மிளகும் இடித்துக் காய்ச்சி, தொண்டை வெந்துபோகிற அளவுக்குக் குடித்தாள். மறுநாள் காலை இருமல் அடங்கியதுபோல் இருந்தது. லாஹாய் வந்தான். மோவாவால் தலையைத் தூக்க முடியவில்லை என்றான்.

"பின் கேட்டத் தொறந்து விடு."

"டாக்டர் என் தோல உரிச்சிருவாங்க, அக்கா."

"உரிச்சா நான் தைக்கிறேன். அது செத்தா உன்னால தைக்க முடியுமா? இருமல் நின்னுருச்சு. மாஸ்க் போட்டுக்கறேன். ஒரே ஒரு தடவ."

பெரிய கூட்டத்துக்கு மதியத் தீனி வீசும் நேரம். ஆட்கள் எல்லாரும் அந்தப் பக்கம் இருந்தார்கள். கூச்சலில் பின் கேட் திறந்த சத்தம் யார் காதிலும் விழவில்லை. மோவா வைக்கோலில் சுருண்டு கிடந்தது. பைந்துவின் வாசனை பட்டதும் கண்ணைத் திறந்தது. எழ முடியாமல் கையை மட்டும் நீட்டி மாஸ்க்கைப் பிடித்து இழுத்தது.

பைந்து மாஸ்க்கைக் கழற்றினாள். மென்றாள். ஊட்டினாள். ஒரு முழுப் பழம் உள்ளே போனது, அதற்குப் பிறகு அரைப் பழம். அவளுக்கு ஒரு தடவை இருமல் வந்தது. முகத்தைத் திருப்பித் தோளில் இருமிக்கொண்டாள்.

திரும்புகிற வழியில் இரவுக் கூண்டில் கெண்டா தனியாக இருந்தாள். பாதத்தில் முள் குத்திச் சீழ் வைத்ததால் மருந்துக்காக அடைத்திருந்தார்கள். உதட்டைக் கம்பிக்கு வெளியே நீட்டினாள். பைந்து யோசிக்கவே இல்லை, பழக்க தோஷத்தில் கை தானாகப் போயிற்று.

"பாத்தியா?" என்றாள் லாஹாயிடம், கேட்டுக்கு வெளியே வந்ததும். "படிச்சவங்க குழாயால முடியாதத இந்தக் கெழவி ஒரு பழத்துல முடிச்சுட்டா."

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். மோவா உட்கார ஆரம்பித்தது. குட்டி தேறுகிறது என்று டாக்டர் சந்தோஷப்பட்டாள்.

நாலாம் நாள் மோவாவின் மூக்கு ஒழுகியது. ஐந்தாம் நாள் காய்ச்சல். பட்டினியில் வற்றிப்போன உடம்பு. நெஞ்சில் சளி கட்டி, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே குழிந்து வெளியே வந்தது. டாக்டர் ஊசி போட்டாள், ஆக்ஸிஜன் வைத்தாள், இரண்டு நாள் அந்த அறையை விட்டு நகரவில்லை. ஏழாம் நாள் காலை, பெரிய கூட்டம் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தபோது, மோவா செத்துப்போனது. அதே காலை கெண்டா கூண்டில் உட்கார்ந்து இருமினாள்.

டாக்டர் எல்லாரையும் முற்றத்தில் கூட்டினாள். பைந்துவைக் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்தார்கள்.

"இருமலோட யார் உள்ள போனது?"

லாஹாயின் பெண்ணுக்குப் போன வாரம் சளி என்று எல்லாருக்கும் தெரியும். கண்கள் எல்லாம் அவன் பக்கம் போயின. அவன் தரையைப் பார்த்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. பைந்துவைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"அவனப் பாக்காதீங்க" என்றாள் பைந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு. "நாந்தான். பின் கேட்ட நானே தொறந்து போனேன். மூணு நாள் மென்னு ஊட்டுனேன். அதுக்கு முன்னாடி மூணு மாசமும் ஊட்டுனேன்."

டாக்டரின் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பைந்து தாங்கியிருப்பாள்.

"நாலு நாள் எங்க வாயத் தேடிட்டு இருந்துச்சு, ஆன்ட்டி. எங்களுக்குப் புரியல. சளி இல்லாதவங்க நாலு பேர் இங்க இருந்தோம். நீங்க சொல்லியிருந்தா, நானே மென்னு குடுத்திருப்பேன். சட்டமாவது ஒண்ணாவது."

மலைச் சரிவில் குழி தோண்டினார்கள். பைந்துவை உள்ளே விடவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, மண்வெட்டி விழும் சத்தத்தைக் கேட்டாள். மோவாவை அரிசிச் சாக்கில் சுற்ற எடுத்து வந்தபோது, "சாக்கு வேணாம்டா!" என்று கத்தினாள். லாஹாய் சாக்கை வீசிவிட்டுத் தன் சட்டையைக் கழற்றினான்.

கெண்டா பிழைத்துக்கொண்டாள். பதினேழு நாள் ஆனது.

பைந்துவை வேலையை விட்டு அனுப்பவில்லை. தீனிக் கொட்டகையில் போட்டார்கள். பப்பாளி நறுக்குவாள், கிழங்கு கழுவுவாள், கஞ்சிக்கு அரிசி புடைப்பாள். வேலைக்கு ஒரு குறை சொல்ல முடியாது. போன மாதம் பதின்மூன்றாவது குட்டி வந்தது. அது அழுகிற சத்தம் கொட்டகைக்குக் கேட்கும். பசி அழுகையா, வலி அழுகையா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கையில் நறுக்குகிற கத்தி நிற்கும். யாரோ ஓடுகிற சத்தம் கேட்டதும் கத்தி மறுபடி நகரும்.

புதிதாக ஒரு வெளிநாட்டுப் பெண் நோட்டுப் புத்தகத்தோடு கொட்டகைக்கு வந்தாள். எத்தனை குட்டிகளை வளர்த்தீர்கள் என்று கேட்டாள்.

"பன்னெண்டு" என்றாள் பைந்து. "பதினொண்ணு இருக்கு. ஒண்ணுக்கு நானே எமன். அதையும் எழுதிக்க."

சாயங்காலம் பெரியவை கூண்டுக்குத் திரும்பும்போது கஞ்சி வாளியைக் கொண்டுபோய் வைப்பது அவள்தான். நீளமான காம்பு வைத்த கரண்டியில் நிலக்கடலையை எடுத்துக் கம்பி வழியே கொட்டுவாள். கெண்டா கடலையைப் பார்ப்பதில்லை. உதட்டை வெளியே நீட்டி, அந்தப் புறங்கைக்காகக் காத்துக்கொண்டிருப்பாள். பைந்து வலது கையால் கரண்டியைப் பிடித்தபடி, இடது கையை முதுகுக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்துக்கொள்வாள்.

"தின்னுடி" என்பாள் மாஸ்க்குக்குள்ளிருந்து. "கஞ்சி ஆறிப்போகுது, தின்னு."